தினமும் நடக்கிறேன், தேதி மட்டும் நகர மறுக்கிறது

தேய்பிறை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். வயது 26. நாள் முழுவதும் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் வேலை. ஏழு மாதங்களுக்கு முன்பு எனக்குப் பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறு இருப்பதாகச் சொன்னார்கள். சொன்ன விதத்தையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவர் ஸ்கேன் தாளை இப்படியும் அப்படியும் புரட்டிவிட்டு, "எடையைக் குறையுங்கள், குழந்தை வேண்டும் என்னும்போது வாருங்கள்" என்றார். நான்கு நிமிடம். கையில் ஒரு மாத்திரை அட்டை. கேட்க நினைத்த கேள்விகள் எல்லாம் வாசலுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தன.

என் நிலவரம் இதுதான். உயரம் 158 செ.மீ., தொடங்கியபோது எடை 79 கிலோ. கடந்த ஆண்டு முழுவதும் ஐந்து முறைதான் மாதவிலக்கு வந்தது. தாடையில் கம்பி போல ஏழெட்டு முடிகள். பின்கழுத்தில் வெல்வெட் துணி ஒட்டியது போலக் கருத்துத் தடித்த ஒரு பட்டை. அம்மா அதை அழுக்கு என்று நினைத்து நன்றாகத் தேய்த்துக் குளிக்கச் சொல்கிறார். தேய்த்துத் தேய்த்துத் தோல் எரிகிறதே தவிர நிறம் போகவில்லை.

பதினொரு வாரமாகத் தீவிரமாக இருக்கிறேன். காலையில் 45 நிமிட நடை. இரவுச் சாப்பாடு கிடையாது. சர்க்கரை கிடையாது. காணொளிகளைப் பார்த்து வாங்கிய மூன்று டப்பாக்கள் அலமாரியில் இருக்கின்றன. ஒன்று முடி கொட்டாமல் இருக்க, ஒன்று ஹார்மோனைச் சீராக்க, மூன்றாவது எதற்கு என்றே மறந்துவிட்டது. எடை 2.8 கிலோ குறைந்தது, பிறகு ஆணி அடித்தது போல நின்றுவிட்டது. மாதவிலக்கும் சரியாகவில்லை (முன்பு 71 நாள் இடைவெளி, சென்ற முறை 58 நாள், இப்போது 44 நாள் ஆகியும் அறிகுறியே இல்லை).

மருத்துவர் கொடுத்தது கருத்தடை மாத்திரை என்பதே வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் தெரிந்தது. அட்டையைப் பிரிக்கவே இல்லை. மாத்திரை இல்லாமல், இயற்கையான வழியிலேயே இதைச் சமாளித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எத்தனை நாளில் பலன் தெரிந்தது? நான் எங்கே தவறு செய்கிறேன்?


அனுபவசாலி எழுதியது:

மிக எளிது. மாவுச்சத்தை அடியோடு நிறுத்துங்கள். பால் பக்கமே போகாதீர்கள். காலையில் வெறும் வயிற்றில் ஒரு மேசைக்கரண்டி பட்டைத்தூள் வெந்நீரில். நான் 40 நாளில் முழுக் குணமடைந்தேன். மருத்துவர்களுக்கு இது தெரியாது, தெரிந்தாலும் சொல்லமாட்டார்கள். கட்டிகள் தானாகக் கரைந்து வெளியேறிவிடும்.


சிவப்புப் பென்சில் எழுதியது:

தேய்பிறை, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். பதிலை நீங்களே எழுதி அடைப்புக்குறிக்குள் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். 71 நாள் 58 ஆகியிருக்கிறது. பதின்மூன்று நாள்! தலைப்பில் தேதி நகர மறுக்கிறது என்று புலம்பியிருக்கிறீர்கள். ஒரே ஒரு முறையை வைத்துக் கொடி ஏற்ற முடியாதுதான். ஆனால் 'சரியாகவில்லை' என்று எழுதுவதும் நியாயமில்லை.

எனக்கு 39 வயது. 22 வயதிலிருந்து இதனோடு குடித்தனம். என் பெயருக்குக் காரணம், சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் காலண்டர். மாதவிலக்குத் தொடங்கும் நாளில் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம் போடுவேன். கைப்பேசிச் செயலிகளையும் வைத்துப் பார்த்தேன். "நாளை எதிர்பார்க்கலாம்" என்று அவை நாற்பது நாள் தொடர்ந்து பொய் சொல்லும். 28 நாள் கணக்கில் ஓடும் உடம்புகளுக்காகச் செய்யப்பட்டவை அவை. பென்சில் பொய் சொல்வதில்லை.

முதலில் ஒரு பெயர்ச் சிக்கலைத் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் அது என் ஆறு ஆண்டுகளைத் தின்றது. எங்கள் வீட்டில் இதற்குக் 'கர்ப்பப்பை நீர்க்கட்டி' என்று பெயர். அது கர்ப்பப்பையிலும் இல்லை, நீர்க்கட்டியும் இல்லை. இருப்பது சினைப்பையில். ஸ்கேனில் முத்து கோத்தது போலத் தெரிபவை, வளரத் தொடங்கிப் பாதியில் நின்றுபோன சின்னஞ்சிறு முட்டைப்பைகள். 1935-ல் ஸ்டெயின், லெவென்தால் என்ற இரண்டு மருத்துவர்கள் இந்தத் தொல்லையை விவரித்தபோது சினைப்பையின் தோற்றம்தான் கண்ணில் பட்டது, அந்தத் தோற்றமே பெயராக ஒட்டிக்கொண்டது. இது தெரியாமல் 'கட்டியைக் கரைக்கும்' கஷாயங்களை ஆண்டுக்கணக்கில் குடித்தேன். கரைப்பதற்கு அங்கே கட்டி என்று ஒன்றும் இல்லை, அனுபவசாலி அவர்களே. அது எந்த வழியாக வெளியேறியது என்று உங்களைக் கேட்க எனக்கு உள்ளூர ஆசை.

நின்றுபோன முட்டைப்பைகளை விட்டுவிட்டு அவை ஏன் நின்றன என்று கேட்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு வழி தெரிந்தது. நம்மில் பலருக்கு உடம்பு இன்சுலினின் பேச்சைச் சரியாகக் கேட்பதில்லை. இதைத்தான் இன்சுலின் எதிர்ப்பு என்கிறார்கள். கேட்காத பிள்ளையிடம் குரலை உயர்த்துவது போல, கணையம் இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கிறது. அந்த உரத்த குரல் சினைப்பைக்கும் கேட்கிறது. அது ஆண்ட்ரோஜன் எனும் ஆண் ஹார்மோன்களை அதிகமாக உண்டாக்குகிறது. கல்லீரலோ, அவற்றில் ஒன்றான டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்துக் கட்டிவைக்கும் ஒரு புரதத்தைக் குறைத்துவிடுகிறது. அவிழ்த்துவிட்ட டெஸ்டோஸ்டிரோன் தாடைக்கும் போகிறது, முகப்பருவுக்கும் போகிறது, முட்டை முதிர்வதையும் தடுக்கிறது. உங்கள் பின்கழுத்துப் பட்டைக்கும் பெரும்பாலும் அதே இன்சுலின்தான் காரணம். அம்மாவிடம் சொல்லுங்கள், அது அழுக்கில்லை. தேய்ப்பதை இன்றே நிறுத்துங்கள், உரசினால் இன்னும் தடிக்கும்.

இப்போது நீங்கள் செய்யும் தவறு. இரவுப் பட்டினி. நானும் செய்தேன். 24 வயதில் இரண்டு மாதத்தில் ஒன்பது கிலோ குறைத்தேன், எல்லோரும் பாராட்டினார்கள். அடுத்த மாதவிலக்கு 112 நாள் கழித்து வந்தது. சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வந்தது. பஞ்சம் வந்துவிட்டது என்று உடம்பு நினைத்தால் முதலில் இழுத்து மூடும் கடை கருமுட்டைக் கடைதான். போன ஒன்பது கிலோ பதினொன்றாகத் திரும்பியது. அதைப் பாராட்ட யாரும் வரவில்லை.

28 வயதில்தான் காலண்டரை மாட்டினேன். அன்று எடை 82. அதற்குப் பிறகு செய்தவை எல்லாம் சொன்னால் கொட்டாவி வரும் அளவுக்குச் சாதாரணமானவை. சாப்பிட்ட கையோடு நாற்காலியில் சரியாமல் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தேன், மதியமும் இரவும். காலை நடையைவிட இந்தக் குட்டி நடைகளைத்தான் நான் நம்புகிறேன், ஏனென்றால் இரத்தத்தில் சர்க்கரை ஏறும் நேரம் அதுதான். வேலை செய்யும் தசை, இன்சுலினின் அனுமதிச் சீட்டுக்குக் காத்திராமல் சர்க்கரையை நேராக உள்ளே இழுத்துக்கொள்ளும். இது புரிந்த நாளில் எனக்கு ஏதோ பின்வாசல் சாவி கிடைத்த மாதிரி இருந்தது. தசைதான் அந்த வேலையைச் செய்கிறது என்றால் தசையை வளர்ப்போமே என்று, வாரம் இரண்டு நாள் பாரம் தூக்கத் தொடங்கினேன். பாரம் என்றால் தண்ணீர் நிரப்பிய இரண்டு பாட்டில்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரைத் தள்ளுவது, பையில் புத்தகங்களை அடுக்கி முதுகில் மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறுவது. முதல் வாரம் இருபது முறை உட்கார்ந்து எழுந்துவிட்டு மறுநாள் கழிப்பறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். ஓராண்டில் பாட்டிலின் இடத்துக்கு உண்மையான இரும்பு வந்தது.

சாப்பாட்டில் எதையும் நாடு கடத்தவில்லை. காலையில் வெறும் மாவுச்சத்தோடு நாளைத் தொடங்குவதை விட்டேன். முட்டையோ பருப்போ ஏதாவது ஒரு புரதம் கட்டாயம். தட்டில் காயையும் புரதத்தையும் முதலில் முடிப்பேன், மாவுச்சத்து கடைசியில். பழச்சாறு நின்றது, பழம் நிற்கவில்லை. இனிப்பு பானங்கள் நின்றன.

தூக்கத்தைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை என்பதைக் கவனித்தேன். எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள்? நான் இரவு ஒன்றரை மணிவரை கைப்பேசியோடு கிடந்துவிட்டு, காலையில் எழுந்து பசியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். சில இரவுகள் சரியாகத் தூங்காவிட்டாலே இன்சுலின் எதிர்ப்பு கூடிவிடும். பதினொரு மணிக்கு விளக்கை அணைக்கப் பழகியதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. பாரம் தூக்குவது அதற்கு முன்னால் விளையாட்டு.

அந்த முதல் காலகட்டத்தின் இடைவெளிகளைப் பழைய காலண்டர்களைப் புரட்டி எழுதுகிறேன்: 96, 83, 61, 64, 47, 41, 39. நடுவில் அந்த 64-ஐப் பாருங்கள். அந்த மாதம் நான் அழுதேன். எல்லாம் வீண் என்று ஒரு வாரம் நடக்கவே போகவில்லை. இப்போது பார்த்தால் அது வெறும் ஒரு மேடு. ஒரு முட்டைப்பை வளரத் தொடங்கி முதிர்ந்து முட்டையை வெளிவிடக் கிட்டத்தட்ட மூன்று மாதம் ஆகும். இன்று உங்கள் உடம்பு வெளிவிடப் போகும் முட்டை, நீங்கள் நடக்கத் தொடங்கிய நாட்களில் பயணம் புறப்பட்டது. பதினொரு வாரத்தில் தீர்ப்பு எழுதுவது, நாற்று நட்ட வாரமே அரிவாளைத் தீட்டிக்கொண்டு போய் நிற்பது போல.

எடை எனக்கு 82-லிருந்து 77-க்குத்தான் வந்தது, அங்கேயே நின்றது. தொடங்கிய எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்குச் சுழற்சி சீராகத் தொடங்கும். உங்களுக்கு 5 சதவீதம் என்பது நான்கு கிலோ. 2.8 ஏற்கெனவே போய்விட்டது. தராசு நின்றுவிட்டால் தையல் டேப்பை எடுத்து இடுப்பை அளந்து பாருங்கள். எனக்குத் தராசு அசையாத நான்கு மாதத்தில் இடுப்பு ஆறு செ.மீ. குறைந்திருந்தது.

இனி கசப்பான பகுதி. தாடை முடி போகவில்லை. ஒருமுறை முரடாகிவிட்ட முடி, ஹார்மோன் அடங்கினாலும் தானாகப் பூனைமுடியாக மாறுவதில்லை. புதிதாக முளைப்பது குறைந்தது, அவ்வளவுதான். எந்த மாற்றமும் கண்ணுக்குத் தெரிய ஆறு மாதமாவது ஆகும், மருந்தே எடுத்தாலும். இப்போதும் அலுவலக மேசை இழுப்பறையில் ஒரு சிறு கண்ணாடியும் இடுக்கியும் இருக்கின்றன. அதில் எனக்கு வெட்கம் போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

கடைசியாக, அந்தப் பிரிக்காத அட்டை. நானும் 'இயற்கை' என்ற சொல்லைக் கொடியாகப் பிடித்துத் திரிந்தவள்தான். பிறகு என் அப்பா நோயில் விழுந்தார். மூன்று மாதம் மருத்துவமனை நாற்காலியில்தான் தூக்கம், கிடைத்ததைச் சாப்பிட்டேன். 39 நாளில் ஓடிக்கொண்டிருந்தது 88 ஆனது. அப்போது மருத்துவர், நீரிழிவுக்கும் தரப்படும் மெட்ஃபார்மின் மாத்திரையைக் கொடுத்தார். முகத்தைச் சுளித்தேன். அந்த மருந்தின் வம்சாவளியைத் தேடிப் பார்த்தால் அதன் மூதாதை கலிகா அஃபிஸினாலிஸ் என்ற செடி. பழைய காலத்து ஐரோப்பியர் மருந்தாகப் பயன்படுத்திய மூலிகை. அதிலிருந்த பொருளை ஒட்டி ஆய்வகத்தில் உருவானதுதான் மெட்ஃபார்மின். நான் காசு கொடுத்து வாங்கிய மூலிகைப் பொடிகளில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது, இதில் எத்தனை மில்லிகிராம் என்று அட்டையிலேயே எழுதியிருக்கிறது. ஓராண்டு எடுத்தேன். நடையையும் விடவில்லை, பாரத்தையும் விடவில்லை. இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடவில்லை.


ஒல்லிக்குச்சி எழுதியது:

எடை, எடை, எடை. நான் 48 கிலோ. எனக்கும் பிசிஓஎஸ்தான். "உனக்கா? குண்டாக இருப்பவர்களுக்குத்தானே வரும்" என்று சொல்லாத ஆள் இல்லை, வெள்ளை அங்கி போட்டவர் உட்பட. மெலிந்தவர்களுக்கும் இது வரும், இன்சுலின் எதிர்ப்பும் இருக்கலாம். குறைக்க எடை இல்லாதவளுக்கு "எடையைக் குறை" என்ற அறிவுரை என்ன செய்யும்? பயத்தில் நான் சாப்பாட்டைக் குறைத்தேன். 60 நாள் என்று இருந்தது சுத்தமாக நின்றுவிட்டது. வயிறாரச் சாப்பிட்டு, தசையை வளர்த்து, இரண்டு கிலோ ஏறிய பிறகுதான் மீண்டும் வந்தது. இங்கே படித்துக்கொண்டிருக்கும் மெலிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தேய்பிறை, உங்கள் மூன்று டப்பாக்களைப் பற்றி ஒன்று. முடி கொட்டாமல் இருக்க வாங்கியதில் பயோட்டின் என்ற பி வைட்டமின் இருக்கிறதா பாருங்கள். என்னுடையதில் இருந்தது, அதிக அளவில். இரத்தப் பரிசோதனையில் தைராய்டு மிகைச் சுரப்பு என்று வந்து வீடே கலங்கியது. அனுபவமுள்ள ஆய்வகப் பணியாளர் ஒருவர் "ஏதாவது சத்து மாத்திரை எடுக்கிறீர்களா" என்று கேட்டார். சில நாள் நிறுத்திவிட்டு மீண்டும் பார்த்தால் எல்லாம் சரி. பயோட்டின் உடம்பைக் கெடுக்கவில்லை, பரிசோதனை முறையைக் குழப்பிவிட்டது. சில ஹார்மோன் பரிசோதனைகளிலும் இதே குழப்பம் நேரும்.

இன்னொன்று, உங்களுக்குத் தைராய்டும், பால் சுரப்புக்கான ஹார்மோனான புரோலாக்டினும் பார்த்தார்களா? அவை கெட்டாலும் மாதவிலக்கு தள்ளிப்போகும். ஸ்கேனை மட்டும் வைத்து முடிவு செய்திருந்தால் கேட்டு வாங்கிச் செய்துகொள்ளுங்கள்.


தட்டுக்கணக்கு எழுதியது:

நான் உணவியல் நிபுணர், இது என் அன்றாட வேலை. சிலவற்றை நேர்செய்ய வேண்டும்.

அனுபவசாலி சொன்ன ஒரு மேசைக்கரண்டி பட்டைத்தூள் தினசரி வேண்டவே வேண்டாம். சந்தையில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் காசியா வகை. அதில் கூமரின் என்ற பொருள் இருக்கிறது, அளவு மீறினால் கல்லீரலைப் பாதிக்கும். சமையலில் மணத்துக்குப் போடுவது வேறு, மருந்தாக அள்ளுவது வேறு. மாவுச்சத்தை அடியோடு ஒழிப்பதும் தேவையில்லை. 2023-ல் வெளியான பன்னாட்டு வழிகாட்டு நெறிமுறை, பிசிஓஎஸ்-க்கு இந்த உணவுமுறைதான் மற்றவற்றைவிடச் சிறந்தது என்று எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. ஆறு மாதம் கழித்தும் நீங்கள் வெறுக்காமல் சாப்பிடக்கூடிய சமச்சீர் உணவு எதுவோ அது போதும். 40 நாளில் 'குணமானேன்' என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: 400-வது நாள் எப்படி இருந்தது?

சிவப்புப் பென்சிலோடு எனக்குச் சிறு பிணக்கு உண்டு. காயை முதலில், மாவுச்சத்தைக் கடைசியில் சாப்பிடும் முறை உணவுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றத்தைக் குறைப்பது உண்மை. ஆனால் அந்தச் சோதனைகளில் பெரும்பகுதி நீரிழிவு நோயாளிகளிடம் செய்யப்பட்டவை. அதனால் மாதவிலக்கே சீராகும் என்று எதிர்பார்க்காதீர்கள். செலவில்லாத பழக்கம், செய்யலாம். பாரம் தூக்குவது பற்றி அவர் சொன்னதில் முழு உடன்பாடு. வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி, கூடவே அடுத்தடுத்து அமையாத இரண்டு நாட்கள் தசைப் பயிற்சி என்பதுதான் அந்த நெறிமுறையும் சொல்வது. உங்கள் காலை நடை 45 நிமிடம், வாரம் ஐந்து நாள் என்றாலும் 225. அது போதுமான அளவுதான். இல்லாதது தசைப் பயிற்சியும் இரவு உணவும்.

டப்பாக்கள். புதினா வகையைச் சேர்ந்த ஸ்பியர்மின்ட் தேநீரைச் சில வாரங்கள் குடித்த பெண்களிடம் டெஸ்டோஸ்டிரோன் சற்றுக் குறைந்ததாகச் சிறிய ஆய்வு உண்டு. ஆனால் அளந்து பார்த்தபோது முடி வளர்ச்சி குறையவில்லை. அவ்வளவு குறுகிய காலத்தில் குறையவும் முடியாது. பிடித்தால் குடியுங்கள், வெறும் தேநீராக. இனோசிட்டோல் என்று எழுதிய டப்பா இருந்தால், அது தீங்கு குறைந்தது, சிலருக்குச் சற்று உதவுகிறது, சான்றுகள் வலுவானவை அல்ல. மருத்துவரிடம் சொல்லிவிட்டு எடுங்கள், முடி நீங்கும் என்று நம்பி எடுக்காதீர்கள். எதற்கென்று மறந்துபோன மூன்றாவது டப்பாவைக் குப்பையில் போடுங்கள்.

பிரிக்காத அட்டைக்கு வருகிறேன். கருத்தடை மாத்திரையைக் கொடுத்தவர் ஏன் கொடுக்கிறேன் என்று சொல்லாமல் விட்டது தவறு. கொடுத்தது தவறில்லை. முட்டை வெளிவராத மாதங்களில் கருப்பையின் உட்சவ்வு உதிராமல் தடித்துக்கொண்டே போகும். ஆண்டுக்கணக்கில் அப்படியே விட்டால் அந்தச் சவ்வில் புற்றுநோய் வாய்ப்பு கூடும். மாத்திரையில் வரும் இரத்தப்போக்கு உண்மையான மாதவிலக்கு அல்ல என்று சொல்வார்கள், சரிதான். ஆனால் அந்தச் சவ்வை அது காக்கிறது. மாத்திரை வேண்டாம் என்பது உங்கள் உரிமை. அப்படியானால் 90 நாள் என்ற எல்லையை வைத்துக்கொள்ளுங்கள். 90 நாள் தாண்டி இரத்தப்போக்கே இல்லையென்றால், முதலில் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, மருத்துவரைப் பாருங்கள். சில நாள் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மாத்திரை கொடுத்து உட்சவ்வை உதிரச் செய்வார்கள். கர்ப்பம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், பிசிஓஎஸ் இருப்பவர்களுக்கு எந்த மாதத்தில் முட்டை வரும் என்று சொல்ல முடியாது. 'எனக்குத்தான் வராதே' என்று கவனக்குறைவாக இருந்து அதிர்ந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பின்கழுத்துப் பட்டை இருப்பதால், குளுக்கோஸ் கரைசல் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சர்க்கரைப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை பலருக்குச் சரியாகவே இருக்கும், இதில்தான் மாட்டிக்கொள்ளும். மெட்ஃபார்மினை நெடுநாள் எடுக்கும் மற்ற தோழிகள் பி12 அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள், அது குறையும்.


தேய்பிறை எழுதியது:

நன்றி என்று ஒரு சொல்லில் முடிக்க முடியவில்லை. முதலில், அந்த டப்பாவில் பயோட்டின் இருக்கிறது. அளவைப் பார்த்தேன், தினசரித் தேவையைப் போலப் பல மடங்கு. தைராய்டு பார்க்கவே இல்லை. இந்த வாரம் எழுதி எடுத்துக்கொண்டு போய், கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பேன். வேறு மருத்துவரிடம்தான்.

அம்மாவிடம் பின்கழுத்து விஷயத்தைச் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. இரவில் வந்து அந்த இடத்தில் விரலால் மெதுவாகத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். தனக்கும் சின்ன வயதில் நாள் தள்ளித் தள்ளித்தான் வரும் என்று இன்று காலையில் சொன்னார். இத்தனை நாள் சொல்லவே இல்லை!

பென்சில் அக்கா, இரவு படுக்க ஒரு மணி ஆகிவிடுகிறது. பிடிபட்டேன். நேற்று இரவு சாப்பிட்டேன், காயும் முட்டையும் கொஞ்சம் மாவுச்சத்தும். குற்றவாளி போல உணர்ந்தேன், ஆனால் நள்ளிரவில் சமையலறைக்குப் போய் நிற்கவில்லை. எனக்கு இரண்டு கேள்விகள். காலண்டரில் வட்டத்தைத் தவிர வேறு ஏதாவது குறிப்பீர்களா? இன்னொன்றைக் கேட்கவே தயக்கமாக இருக்கிறது. சில நாட்கள் கண்ணாடியைப் பார்க்கவே பிடிப்பதில்லை, காரணமே இல்லாமல் மனம் இருண்டு கிடக்கிறது. இதுவும் இதில் சேர்ந்ததா, அல்லது நான்தான் பெரிதுபடுத்துகிறேனா?


தட்டுக்கணக்கு எழுதியது:

அந்த இரண்டாவது கேள்விக்கு நான் முந்திக்கொள்கிறேன். பெரிதுபடுத்தவில்லை. பிசிஓஎஸ் இருப்பவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட அதிகம். அதைக் கேட்டறிய வேண்டும் என்று மருத்துவர்களுக்கே நெறிமுறை சொல்கிறது. நீங்கள் எடுத்துப்போகும் தாளில் தைராய்டுக்கு அடுத்த வரியில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால், மாதவிலக்கு சரியாகட்டும் என்று காத்திருக்காமல் இதற்கென்றே ஒருவரைப் பாருங்கள்.


சிவப்புப் பென்சில் எழுதியது:

அந்த இருண்ட நாட்கள் எனக்கும் உண்டு. 64 நாள் வந்த மாதம் என்று சொன்னேனே, அப்போது ஒருவரிடம் போய் எட்டு வாரம் பேசினேன். பாட்டில் தூக்கியதைவிட அதுதான் என்னை நடக்க வைத்தது.

காலண்டரில் குறிப்பவை கொஞ்சம்தான். வட்டம், முதல் நாள். உள்ளே ஒரு எண், சென்ற வட்டத்திலிருந்து எத்தனை நாள் என்று. பாரம் தூக்கிய நாளில் மூலையில் ஒரு புள்ளி. பதினொரு மணிக்குள் படுத்திருந்தால் அடியில் ஒரு கோடு. எடையை எழுதுவதில்லை. எழுதிய ஆண்டு ஒன்று உண்டு, அந்தக் காலண்டரைப் புரட்டவே பிடிக்காது.

இன்னும் ஒன்று இருக்கிறது. புது வட்டம் போட்ட அன்றே 90 நாள் எண்ணி அந்தத் தேதியில் ஒரு முக்கோணம் போட்டுவிடுவேன். அதற்குள் அடுத்த வட்டம் வந்தால் முக்கோணத்தை அழித்துவிடலாம். வராவிட்டால் யோசிக்க ஒன்றுமில்லை, மருத்துவரிடம் போவதுதான். 'இன்னும் நாலு நாள் பார்ப்போமே' என்று தள்ளிப்போடும் என்னை எனக்குத் தெரியும், அதனால்தான் முன்கூட்டியே குறிப்பது. உங்களுக்கு இன்று 46-ஆவது நாள் என்று நினைக்கிறேன். இன்னும் 44 நாள் எண்ணிக் குறித்துவிடுங்கள்.


தேய்பிறை எழுதியது:

குறித்துவிட்டேன் அக்கா. வீட்டில் தேடியதில் பச்சைப் பேனாதான் கிடைத்தது. பேனாவில் போட்டதை எப்படி அழிப்பது என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.